ஸ்பானிய மொழியில் ஆள் வருணனை: மூன்று வினைகளின் வரலாறு

தன்னையும் பிறரையும் சொல்லால் அடையாளங் காட்டுவது எம்மொழியிலும் மாணவர்க்கு முதலில் வைக்கப்படும் பாடமாகும். ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கும் தமிழர் இம்முதற்பாடத்திலேயே தடுமாறுகின்றனர். ‘நான் ஆசிரியர்’, ‘நான் களைத்திருக்கிறேன்’, ‘எனக்கு முப்பது வயது’ என்னும் மூன்று கூற்றுகளுக்கும் ஸ்பானியம் மூன்று வெவ்வேறு வினைகளை வேண்டுகிறது. முதற்கூற்றுக்குச் ‘சோய்’, இரண்டாவதற்கு ‘எஸ்தோய்’, மூன்றாவதற்குத் ‘தெங்கோ’ என்பன உரிய தன்மை ஒருமை வடிவங்கள். இவற்றின் அகராதி வடிவங்கள் முறையே செர், எஸ்தார், தெனேர். இவ்வினைகளுக்கிடையே இன்று காணப்படும் எல்லைகள் மொழியின் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. பல நூற்றாண்டுகளில் ஒன்றன் நிலத்தை மற்றொன்று கைப்பற்றியதன் விளைவே அவை. ஒருவரை வருணிக்கும் ஸ்பானியத் தொடரில் பெயரடையை விட வினையே பெரும்பாலும் கூடுதலான செய்தியைத் தாங்கி நிற்கிறது. அதனை உணராத மொழிபெயர்ப்பில் வருணிக்கப்பட்டவர் எஞ்சுவார். வருணித்தவரின் மதிப்பீடு மறைந்துவிடும்.

செர் என்னும் வினை ஒரே வேரிலிருந்து வந்ததன்று. ‘சோய்’, ‘எஸ்’, ‘சோமோஸ்’, ‘சோன்’ ஆகிய நிகழ்கால வடிவங்கள் இலத்தீனின் ‘எஸ்ஸே’ என்னும் இருத்தல் வினையின் வழி வந்தவை. முன்னிலை ஒருமையாகிய ‘எரெஸ்’ மட்டும் இலத்தீன் எதிர்கால வடிவத்திலிருந்து பெறப்பட்டது. ஒலித்திரிபுகளால் முன்னிலையும் படர்க்கையும் ஒன்றாகிவிடும் நிலை ஏற்பட்டதால் மொழி வேறிடத்திலிருந்து கடன் எடுத்துக்கொண்டது. ஆனால் ‘செர்’ என்னும் வடிவமும் எதிர்கால வடிவங்களும் ‘அமர்தல்’ என்று பொருள்படும் ‘செதேரே’ என்ற வேறொரு வினையிலிருந்து பிறந்தவை. இதே இந்தோ-ஐரோப்பிய வேர்தான் வடமொழியில் ‘சத்’ என நின்று ‘உபநிஷத்’ என்னும் சொல்லில் விளங்குகிறது. எஸ்தார் என்பதோ ‘நிற்றல்’ என்று பொருள்படும் ‘ஸ்தாரே’ என்னும் இலத்தீன் வினையின் நேர் வாரிசு. வடமொழி ‘ஸ்தா’ இதற்கு உறவு. ஆகவே ஒருவரை வருணிக்கும்போது ஸ்பானியர் ஓரிடத்தில் அமர்ந்த வினையையும் ஓரிடத்தில் நின்ற வினையையும் கையாள்கின்றனர் என்று கூறலாம்.

தமிழ் அறிந்தோர்க்கு இது வியப்பளிப்பதன்று. ‘இரு’ என்பதன் பழம்பொருள்களுள் அமர்தலும் ஒன்று. ‘இருக்கை’ என்னும் பெயர் அதற்குச் சான்று. மலையாளத்தில் அவ்வினை இன்றும் அமர்தலைக் குறிக்கிறது. ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ பிறந்தது போலவே ‘ஸ்தாரே’ வழியில் ‘எஸ்தாதோ’, அதாவது நிலை, பிறந்தது. இன்னும் ஓர் ஒப்புமை கருதத்தக்கது. நன்னூல் கூறும் நிகழ்கால இடைநிலைகளுள் ‘ஆநின்று’ ஒன்று. ‘உண்ணாநின்றான்’ என்பதில் நிற்றல் வினை நிகழ்ச்சித் தொடர்ச்சியைக் குறிப்பது போல, ஸ்பானியத்திலும் எஸ்தார் துணைவினையாகி ‘உண்டுகொண்டிருக்கிறான்’ என்னும் பொருளைத் தருகிறது. இவ்விரு மொழிகளுக்கும் இதில் தொடர்பு எதுவுமில்லை. உடல் நிலையைச் சுட்டும் வினைகள் இலக்கண உறுப்புகளாகத் தேய்வது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் பொதுப்போக்கு.

வேற்றுமையும் உண்டு. தமிழ் ஒருவரை ஓர் இனத்துள் வைக்கும்போது வினையையே வேண்டுவதில்லை. ‘அவள் அழகி’, ‘அவர் மருத்துவர்’ என்பன முழுத் தொடர்கள். பழந்தமிழ் இதற்கு மேலும் ஒருபடி சென்று, ‘கரியேன்’, ‘கரியை’, ‘கரியன்’ எனப் பண்படியாகப் பிறந்த சொல்லுக்கே மூவிட ஈறு சேர்த்துக் குறிப்பு வினைமுற்றாக்கியது. தொல்காப்பியர் இக்குறிப்பு வினைக்கு உடைமை, இடம், ஒப்பு, பண்பு முதலியவற்றை நிலைக்களனாகக் கூறுகிறார். ஸ்பானியம் தெனேர், எஸ்தார், செர் என்று பிரித்து வைத்திருக்கும் பொருட்பரப்பின் பெரும்பகுதியைப் பழந்தமிழ் ஒரே சொல்வகையால் ஆண்டது என்பது ஒப்பிலக்கண நோக்கில் கூர்ந்து ஆராயத்தக்கது.

இனி எல்லைகள் நகர்ந்த வகையைக் காணலாம். ‘மீயோ சித்’ காவியத்தின் ஒரே கையெழுத்துப் படியின் இறுதியில் 1207ஆம் ஆண்டுக்கு ஒப்பான ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அக்காவிய மொழியில் ஒருவர் ஓர் ஊரில் இருப்பதைச் சொல்லச் செர் என்பதும் வந்தது, எஸ்தார் என்பதும் வந்தது. ‘வந்தான்’, ‘போனான்’ போன்ற இயக்க வினைகளின் நிறைவுக் காலத்தை உணர்த்தவும் செர் துணைவினையாக நின்றது. இறந்தவரைக் குறிக்கவும் அதுவே. பின்னர் மெல்ல மெல்ல மூவகைப் பங்கீடு நிகழ்ந்தது. நிறைவுக் காலம் முழுவதும் அபேர் என்னும் துணைவினைக்குப் போயிற்று. ஒரு மாற்றத்தின் விளைவாக ஏற்பட்ட நிலை எஸ்தார் வசமாயிற்று. செயப்பாட்டு வினை செர் வசமே எஞ்சியது. இடத்தைச் சுட்டும் பணியும் எஸ்தாருக்கு வந்து சேர்ந்தது. நிகழ்ச்சி நடைபெறும் இடத்துக்கு மட்டும் செர் இன்றுவரை நிற்கிறது. திருவிழா ஓர் ஊரில் ‘எஸ்’, மனிதர் அவ்வூரில் ‘எஸ்தா’. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் பழைய வழக்கும் புதிய வழக்கும் அருகருகே காணப்படுகின்றன. அக்கால நூல்களை மொழிபெயர்ப்போர் இன்றைய விதியை அவற்றின்மீது ஏற்றினால் ‘கொல்லப்பட்டான்’ என்பதும் ‘இறந்துவிட்டான்’ என்பதும் இடம் மாறிப்போகும்.

வடிவமும் நகர்ந்துகொண்டிருந்தது. ‘சோய்’, ‘எஸ்தோய்’ என இன்று வழங்குவன முன்பு ‘சோ’, ‘எஸ்தோ’ என்றே இருந்தன. 1492இல் முதல் காஸ்தீலிய இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா இருவகை வடிவங்களையும் அறிந்து, ஈற்றில் இகரம் சேர்வதை அழகு கருதியதாகக் கொண்டார். ‘நான்’ எனத் தொடங்கும் தன்வருணனையின் முதல் வினை நெப்ரிஹா காலத்தில் இன்னும் உறுதிப்படவில்லை என்பது இதனால் பெறப்படும்.

நிலையான பண்புக்குச் செர், நிலையற்றதற்கு எஸ்தார் என்று பாடநூல்கள் பலவும் கற்பிக்கின்றன. வகுப்பறையில் முதல் மாதத்துக்கு இது உதவக்கூடும்; அதற்கப்பால் உதவாது. இறப்பை விட நிலையானது எது? ஆயினும் ‘இறந்திருக்கிறார்’ என்பதற்கு எஸ்தாரே வரும். இளமையை விட நிலையற்றது எது? ஆயினும் ‘அவர் இளைஞர்’ என்பதற்குப் பொதுவாகச் செர் வரும். வரலாற்றை நோக்கினால் இம்முரண் தீர்கிறது. செர் ஒருவரை ஒரு வகுப்பினுள் அமர்த்துகிறது. எஸ்தார் அவர் முன்பிருந்த நிலையோடு அல்லது அவரிடம் எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டு, இப்போது நிற்கும் நிலையைச் சொல்கிறது. இறப்பு ஒரு மாற்றத்தின் முடிவாதலின் எஸ்தார். இளமை ஒரு பருவ வகுப்பாதலின் செர். முதியவர் ஒருவரைச் செர் கொண்டு ‘வியேஹோ’ என்றால் முதியோர் கூட்டத்தில் அவரைச் சேர்க்கிறோம். எஸ்தார் கொண்டு சொன்னால் ‘மூப்புத் தட்டிவிட்டதே’ என்னும் வியப்போ இரக்கமோ உடன் வருகிறது. சொல்பவர் அவரை முன்பே அறிந்தவர் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

சில பெயரடைகளில் வினை மாறினால் பொருளே மாறிவிடும். ‘லிஸ்தோ’ செர் உடன் வந்தால் கூர்மதியர். எஸ்தார் உடன் வந்தால் ஆயத்தமாக இருப்பவர். ‘அபுர்ரீதோ’ முன்னதோடு சலிப்பூட்டுபவர், பின்னதோடு சலித்திருப்பவர். ‘வீவோ’ முன்னதோடு சூட்டிகையானவர், பின்னதோடு உயிரோடு இருப்பவர். இவை அகராதியில் கிடைப்பதால் பெரிதும் ஊறு விளைவிப்பதில்லை. அகராதியில் அகப்படாத நுண்வேறுபாடே இடரானது. ‘குவாப்பா’ என்னும் பெயரடையைச் செர் உடன் கூறினால் ‘அவள் அழகி’; எஸ்தார் உடன் கூறினால் ‘இன்று அழகாகத் தோன்றுகிறாள்’. ஸ்பானிய இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே வினைதான். இடைவழி மொழியில் மழுங்கிய வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அறிய வாய்ப்பில்லாது போகிறது. இதில் வருந்தத்தக்கது யாதெனில், அவ்வேறுபாட்டை வெளியிடும் ஆற்றல் தமிழுக்கு இயல்பாகவே உண்டு என்பதே. ‘அழகி’, ‘நல்லவர்’, ‘கிழவர்’ என்னும் பெயர்ப் பயனிலைகள் செர் உக்கு ஏறத்தாழ நேர். ‘அழகாக இருக்கிறாள்’ என்பது இருபுறமும் செல்லும். அதனை எஸ்தாருக்கு மட்டும் உரியதாக்க வேண்டின் ‘இளைத்துப் போயிருக்கிறான்’, ‘கிழடு தட்டிவிட்டது’ என மாற்றத்தைக் காட்டும் வினைகள் கைகொடுக்கின்றன. மூலமொழியிலிருந்து நேரே பெயர்ப்போர் இவ்வாய்ப்பை நழுவவிடலாகாது.

இவ்வெல்லை இன்றும் அசைகிறது. ‘நான் சிறுவனாக இருந்தபோது’ என்பதற்கு மெக்சிக்கோவில் எஸ்தார் வருவது பரவலான வழக்கு. ஸ்பெயினில் செர் எதிர்பார்க்கப்படும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிக்க மரபினரின் ஸ்பானியத்தை ஆராய்ந்து கார்மென் சில்வா-கோர்வலான் 1986இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, வயது, தோற்றம், உருவ அளவு போன்றவற்றைக் குறிக்கும் பெயரடைகளோடு எஸ்தார் மேலும் பரவுவதைக் காட்டியது. அங்குள்ள ஆங்கிலத் தொடர்பு இம்மாற்றத்தைத் தோற்றுவிக்கவில்லை. முன்பே தொடங்கியிருந்த போக்கை விரைவுபடுத்தியது என்பது அவர் முடிவு.

தெனேர் வரலாறு இதனினும் எளிது. இலத்தீனில் உடைமைக்கு ‘ஹபேரே’, கையில் பற்றியிருத்தற்குத் ‘தெனேரே’. இடைக்கால ஸ்பானியத்தில் அபேர் உடைமை வினையாகவும் துணைவினையாகவும் இரட்டைப் பணி செய்தது. துணைவினைப் பணி பெருகப் பெருக, உடைமைப் பொருள் தெனேர் வசம் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் மாற்றம் நிறைவெய்திவிட்டது எனலாம். ஆகையால் இன்று ஸ்பானியர் வயதையும் பசியையும் அச்சத்தையும் ‘பற்றியிருக்கின்றனர்’. தமிழர்க்கோ வயது ஆகிறது, பசி எடுக்கிறது. தமிழில் நான்காம் வேற்றுமை கொண்டு அனுபவிப்பவராக நிற்கும் மனிதர் ஸ்பானியத்தில் எழுவாயாகி உடைமையாளராகிறார். கண், முடி போன்ற உறுப்புகளைக் கூறும்போது ‘அவருடைய’ என்பது வராது, சுட்டிடைச்சொல்லே போதும். தமிழிலும் ‘கண் கருப்பு’ என்றாலே போதுமாகையால் இங்கு இடரில்லை.

பால் காட்டும் முறை தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும் குறிக்கலாம். ‘களைத்திருக்கிறேன்’ என்று ஒரு பெண் ஸ்பானியத்தில் கூறும்போது பெயரடையின் ஈறே அவர் பெண் என்பதை வெளிப்படுத்திவிடும். தமிழ்த் தன்மை வினையில் பால் இல்லை. மறுதலையாக, எழுவாய் தொக்கு நிற்கும் ஸ்பானியத் தொடரில் ‘த்ரிஸ்தே’, ‘இந்தெலிஹெந்தே’ போன்ற பொதுப்பெயரடைகள் படர்க்கையில் வரும்போது பால் தோன்றாது. தமிழ் வினைமுற்றோ அதைச் சொல்லியே ஆகவேண்டும். புனைகதையில் ஆசிரியர் வேண்டுமென்றே மறைத்ததைத் தமிழ் காட்டிக்கொடுக்கும் இடம் இது. ‘ஆர்’ ஈற்று மரியாதைப் பன்மை ஓரளவு மறைப்பாக உதவும்.

வினையே இல்லாத வருணனை மரபு ஒன்றும் ஸ்பானியத்தில் வலுவாக உண்டு. அதன் பிறப்பிடம் அலுவலகம். 1503இல் செவில்லியாவில் நிறுவப்பட்ட வணிக மன்றம் அமெரிக்க நாடுகளுக்குக் கடல் கடப்போரை முறைப்படுத்தியது. செல்வோரின் பெற்றோர், பிறப்பிடம், வயது, மணநிலை ஆகியவற்றோடு உடல் அடையாளங்களும் ஆவணங்களில் இடம்பெற்றன. ஒருவர் உரிமத்தில் மற்றொருவர் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம். ‘தெ’ என்னும் முன்னுருபோடு உடல், முகம், வயது ஆகியவற்றை அடுக்கிச் செல்லும் நடை இத்தகைய ஆவணங்களில் பதிந்தது. உறுப்புப் பெயரும் பண்பும் இகரத்தால் இணைந்த கூட்டுச்சொற்களும் அவற்றில் பயின்றன. ‘ஒஹிநேக்ரோ’ என்பது கண்-கருப்பு, அதாவது கருங்கண்ணன். ‘செஹிஹுந்தோ’ என்பது புருவம் கூடியவன். ‘பெலிர்ரோஹோ’ என்பது செம்முடியன். சொல் வரிசை மாறினும் இவை தமிழின் அன்மொழித்தொகைகளே. ‘செஞ்சடையன்’ என்பதைப் பெற்ற மொழிக்கு இவற்றைப் பெயர்ப்பதில் ‘உடைய’ என்னும் நீட்சி தேவையில்லை.

இம்மரபு ஒரே மனிதரிடம் அலுவலக எழுத்தாகவும் இலக்கியமாகவும் அமைந்ததற்குச் சான்று மிகுவேல் தெ செர்வாந்தேஸ். 1575இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்சில் சிறையிருந்த அவரை மீட்க 1579இல் பணம் செலுத்தப்பட்டபோது எழுந்த ஆவணம் அவரை இடக்கை ஊனமுற்றவர், ‘பார்பிர்ரூபியோ’, அதாவது பொன்னிறத் தாடியர் என்று குறிக்கிறது. 1580 செப்டம்பர் 19இல் திரித்துவ சபைத் துறவி ஹுவான் ஹில் அவரை மீட்டபோது எழுதப்பட்ட பதிவு நடுத்தர உடலினர், நல்ல தாடியினர், இடக்கையும் புயமும் சிதைந்தவர் என்கிறது. 33 ஆண்டுகளுக்குப் பின், 1613இல் வெளியான தம் ‘முன்மாதிரிக் கதைகள்’ நூலின் முன்னுரையில் செர்வாந்தேஸ் தம்மைத் தாமே வருணித்தார். செதுக்கோவியம் இருக்கவேண்டிய இடத்தை அச்சொற்கள் நிரப்புவதாக அவர் அமைத்துக்கொண்டார். வளைந்த மூக்கு, முன்பு பொன்னாயிருந்து வெள்ளியான தாடி, எஞ்சிய ஆறு பற்கள், சற்றுக் கூனிய முதுகு எனச் செல்லும் அப்பகுதி தன்மையில் அன்றிப் படர்க்கையில் எழுதப்பட்டது. பெரும்பாலும் வினை இல்லாமல், அலுவலகப் பதிவுக்குரிய ‘தெ’ அடுக்காகவே அது நடக்கிறது. பற்களின் எண்ணிக்கைக்குத் தெனேர் வருகிறது. இம்முகம் இன்ன நூல்களின் ஆசிரியருடையது என்று அடையாளம் முடிக்கப்படும் இடத்தில் செர் வருகிறது. எழுத்தர்கள் தம்மைப் பதிந்த முறையை எடுத்து, அதனுள் நகைச்சுவையை நிரப்பினார் அவர். தமிழாக்கத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘இருந்தது’ என்று முடித்துச் செல்வது இவ்விளையாட்டைக் கெடுத்துவிடும்; பெயர்ச்சொல் அடுக்காகவே விடுதல் தகும்.

எல்லா அலுவலக வருணனையும் இவ்வாறு தீங்கற்றதாக இருக்கவில்லை. ஸ்பானிய அமெரிக்காவின் திருச்சபைப் பதிவேடுகளில் ஸ்பானியர்க்கு ஒரு புத்தகமும் ‘காஸ்தா’ எனப்பட்ட கலப்பு மரபினர்க்கு வேறொன்றும் வைக்கும் வழக்கம் இருந்தது. மெஸ்தீசோ, காஸ்தீசோ, முலாத்தோ என்றும், ‘உடைந்த நிறத்தினர்’ என்றும் மக்கள் பதியப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டு மெக்சிக்கோவில் வரையப்பட்ட காஸ்தா ஓவியங்கள் பெரும்பாலும் 16 படங்கள் கொண்ட வரிசைகள். அவற்றுள் ‘ஓநாய்’, ‘அந்தரத்தில் நில்’, ‘உன்னைப் புரியவில்லை’ போன்றனவும் மனித வகைப் பெயர்களாக எழுதப்பட்டுள்ளன. இவ்வரிசை வாழ்க்கையில் அப்படியே வழங்கியதென்று கொள்ளுதல் பொருந்தாது; வருணிப்போரின் வகைப்படுத்தும் வேட்கைக்கே அது சான்று. 1810 நவம்பரில் ஹொசே மரியா மொரேலோஸ் வெளியிட்ட அறிக்கை, இந்தியர், முலாத்தோ முதலிய பெயர்களை நீக்கி, ஐரோப்பியர் ஒழிந்த எல்லோரையும் அமெரிக்கர் என்றே அழைக்குமாறு பணித்தது. விடுதலை பெற்ற மெக்சிக்கோவின் பேரவை 1822 செப்டம்பர் 17இல், ஆவணங்களில் குடிகளைப் பிறப்பு வழி வகைப்படுத்தலாகாது என ஆணையிட்டது.

ஆணைகளுக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே இச்சொற்களுள் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். 1539இல் கூஸ்கோவில் ஸ்பானியப் படைத்தலைவருக்கும் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் பிறந்த இன்கா கார்சிலாசோ தெ லா வேகா 1560இல் ஸ்பெயினுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார். லெயோன் எப்ரேயோவின் ‘காதல் உரையாடல்க’ளை இத்தாலியத்திலிருந்து அவர் பெயர்த்த நூல் 1590இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே அது ‘இந்திய’னின் மொழிபெயர்ப்பு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. 1609இல் வெளியான ‘அரச விளக்கவுரைக’ளில் அவர் ‘மெஸ்தீசோ’ என்னும் சொல்லை ஆராய்கிறார். அது கலப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் வழிச்சொல். 1611இல் வெளிவந்த கோவார்ருபியாஸ் அகராதி, வெவ்வேறு விலங்கினங்களுக்குப் பிறந்தது என்றே அதற்குப் பொருள் தருகிறது.

அமெரிக்க நாடுகளில் ஒருவரை நோக்கி ‘நீ ஒரு மெஸ்தீசோ’ என்றோ, அவரைப் பற்றி ‘அவன் ஒரு மெஸ்தீசோ’ என்றோ கூறினால் இழிவாகக் கொள்வர் என்று கார்சிலாசோ எழுதுகிறார். இலக்கண நோக்கில் இக்குறிப்பு அரியது. ஸ்பானியத்தில் செர் உக்குப்பின் தொழில், குலம் முதலியன ‘ஒரு’ என்னும் சொல் இன்றி வரின் வகுப்பை மட்டும் உணர்த்தும். ‘ஊன்’ என்னும் அச்சொல் சேர்ந்தால் வருணனை பெரும்பாலும் மதிப்பீடாகிவிடும். ‘அவர் கோமாளி’ என்பது சர்க்கஸ் தொழிலையும் ‘அவன் ஒரு கோமாளி’ என்பது ஏளனத்தையும் குறிக்கக் கூடுவதைத் தமிழரும் அறிவர். கார்சிலாசோ எடுத்துக்காட்டும் இரு வசைத் தொடர்களிலும் அந்த ‘ஊன்’ உள்ளது. தம்மைக் குறிக்கும் இடத்தில் அவர் செர் வினையையே தவிர்த்து, அப்பெயரால் ‘என்னை நானே அழைத்துக்கொள்கிறேன்’ என்ற அமைப்பை மேற்கொள்கிறார். வகுப்பில் அமர்த்தும் வினை பிறர் கையில் இருந்தது. பெயரிடும் வினையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

அவ்வாறு அழைத்துக்கொள்வதற்கு அவர் கையாளும் அடைத்தொடர் சொல்லுக்குச் சொல் ‘நிறைந்த வாயோடு’ என்பதாகும். ஆங்கிலத்தின் வழி வருவோர் இதனை ‘வெளிப்படையாக’ என்றோ ‘பெருமையோடு’ என்றோ சுருக்க நேரும். தமிழில் ‘வாய் நிறைய’ என்பது மூலத்துக்கு மிக அணுக்கமாக வழக்கிலேயே கிடைக்கிறது. ‘மெஸ்தீசோ’ என்பதற்கு மட்டும் ‘கலப்பினத்தான்’ என்று எழுதுதல் பொருந்தாது. கோவார்ருபியாஸ் அகராதி கண்ட விலங்கு அச்சொல்லில் மீண்டும் வந்து புகுந்துவிடும். மூலச்சொல்லையே நிறுத்தி, வாய் நிறைய அவர் சொன்னதைத் தமிழில் சொல்லவிடலாம்.